சீயக்காய் டிராவல்ஸ்

சார், ஒரு நிமிஷம். சட்டைப் பையில பேனா இருக்கே, எனக்கு ஒரு உபகாரம் பண்ணுவீங்களா? இந்தக் காலத்துல பேனா குத்தியிருக்கிற ஆளே கண்ணுல படுறதில்ல. உங்க வீட்டம்மா சாமி பாத்துட்டு வர்றதுக்கு எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும், இன்னிக்கிக் கூட்டம் அப்படி. பேப்பர் என்கிட்ட இருக்கு. சொல்லச் சொல்ல நீங்க எழுதணும், அவ்வளவுதான்.

வெளியூருங்களா? அப்ப இந்தக் கோயில் வழக்கம் உங்களுக்குத் தெரியாது. மத்த கோயில்ல போய் வேண்டிக்குவோம். கொளஞ்சியப்பர்கிட்ட பிராது குடுப்போம். கோர்ட்டு மாதிரிதான். இன்னார் மேல இன்ன குறைன்னு காயிதத்துல எழுதி, சாமி முன்னால வச்சு வாங்கி, மடிச்சு, அதோ முனியப்பர் சன்னதியில வேல் நட்டிருக்கு பாருங்க, அதுல கட்டிடணும். தொண்ணூறு நாள் கணக்கு, அதுக்குள்ள தீர்ப்பு வந்துடும். விவகாரம் தீந்துட்டா மறுபடி வந்து ராஜினாமா குடுத்துப் பிராதை வாபஸ் வாங்கணும். ஒண்ணே ஒண்ணு சார், பொய் மட்டும் எழுதக் கூடாது. பொய் எழுதினா எழுதினவன் பக்கமே திரும்பிடும்னு எங்க அம்மா சொல்லும். எனக்கே சாமி பேருதான், கொளஞ்சிநாதன். அதனால எனக்குக் கொஞ்சம் பயம் ஜாஸ்தி.

சரி, ஆரம்பிங்க. ‘மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் சன்னிதானத்துக்கு, அரியலூர் கொளஞ்சிநாதன், சொந்தமா டாக்சி வச்சு ஓட்டுறவன், எழுதிக்கிற பிராது.’ எழுதிட்டீங்களா? கீழ, ‘எதிரி: இளவழகன், கார் மெக்கானிக், என் தங்கச்சி சுகந்தியோட வீட்டுக்காரன்.’

ஏன் சார் பேனா நின்னு போச்சு? ஆமா, கூடப் பொறந்த தங்கச்சி புருஷன்தான். மாப்பிள்ளைன்னா பிராது குடுக்கக் கூடாதுன்னு எங்கியாவது போர்டு வச்சிருக்கா? எழுதுங்க நீங்க. இந்த விஷயம் சுகந்திக்கும் தெரியும். நேத்து போன் பண்ணிச்சு. ‘அண்ணே, அவர் பேரை அந்த வேல்ல கட்டினியன்னா அதோட நமக்குள்ள பேச்சு வார்த்தை இல்ல’ன்னு வச்சிடுச்சு. வச்சா வச்சுக்கட்டும். நியாயம்னு ஒண்ணு இருக்கா இல்லியா?

விவகாரம் என்னன்னு கேக்குறீங்களா? ஏர் பில்டர். சிரிக்காதீங்க சார். இன்ஜின் டீசலை மட்டும் குடிச்சு ஓடுறதில்ல, காத்தையும் குடிக்குது. அந்தக் காத்துல தூசி இல்லாம வடிகட்டி விடுற சாமான்தான் ஏர் பில்டர். கம்பெனியில வர்றது வெறும் காயிதம். மடிச்சு மடிச்சு விசிறி மாதிரி ஒரு டப்பாவுக்குள்ள வச்சிருப்பான். அழுக்கானா தூக்கிக் கடாசிட்டு வேற மாட்டணும். நான் மாட்டினது அது இல்ல. திருச்சியில ஒரு ஆக்சசரீஸ் கடையில பாத்தேன். கம்பி வலை, நடுவுல செவப்புத் துணி, சுத்திலும் ரப்பர். ரேஸ் கார்ல மாட்டுறதாம். காத்து தாராளமா இறங்குமாம். கழுவிக் கழுவி ஆயுசுக்கும் போட்டுக்கலாமாம். கையில எடுத்தேன், கீழ வைக்க மனசு வரல.

மாட்டின அன்னிக்கு வண்டி போட்ட சத்தத்தை நீங்க கேட்டிருக்கணும் சார். அதுவரைக்கும் இருமிக்கிட்டே கிளம்பின வண்டி, அன்னிக்கு உர்ருன்னு ஒரு சத்தம் குடுத்துச்சு பாருங்க, சும்மாவே இன்னும் ரெண்டு தடவை முறுக்கிக் கேட்டேன். சிமெண்டு கம்பெனி ஆபீசர் ஒருத்தர் வழக்கமா நம்ம வண்டியிலதான் வருவாரு. ‘என்ன கொளஞ்சி, வண்டிக்கு வயசு குறைஞ்சு போச்சா?’ன்னாரு. இது உண்மை, எழுதிக்குங்க. ‘பில்டர் மாட்டிய பிறகு வண்டி இளமையானதை ஆபீசரே சொன்னார்.’

இதைத்தான் அந்தப் பய இளவழகன் ஒத்துக்கவே இல்ல. பட்டறைக்குக் கொண்டு போய் பானட்டைத் தூக்கிக் காட்டுறேன், முகத்தைச் சுளிக்கிறான். ‘மச்சான், இது நம்ம ஊருக்கு ஆகாது, கழட்டிடுங்க’ங்கிறான். நான் சொன்னேன், ‘மாப்ள, மூக்கை அடைச்சுக்கிட்டு ஒரு மனுஷன் ஓட முடியுமா? காத்து தாராளமா போனாத்தானே ஓட முடியும்?’ அவன் சொல்றான், ‘சரி மச்சான், அப்ப மூக்குக்குள்ள முடி எதுக்கு இருக்கு?’ நான் விடுவேனா? ‘உனக்கு மீசையே இன்னும் ஒழுங்கா முளைக்கல, நீ மூக்கு முடியைப் பத்திப் பேசறியா?’ன்னேன். பட்டறையே சிரிச்சுது சார். அன்னிக்கு நான் ஜெயிச்சேன்.

அவன் சொன்னதையும் சொல்லிடுறேன், சாமி முன்னால மறைக்கக் கூடாது. ‘நல்ல ரோட்டுல, மழை பேயுற ஊருல, முறையா பாத்துக்கிட்டா இது பெருசா ஒண்ணும் கெடுத்துடாது மச்சான். பெருசா ஒண்ணும் குடுக்கவும் குடுக்காது. ஆனா நம்ம ஊரு சுண்ணாம்புக்கல் லாரி ஓடுற ஊரு. காயிதம் நிறுத்துற தூசியைத் துணி நிறுத்தாது, மாவு சலிக்கிற மாதிரி சலிச்சு உள்ள விட்டுடும். துணியில தடவுற எண்ணெய் கொஞ்சம் கூடினாலும் உள்ள இருக்கிற சென்சார்ல போய் ஒட்டிக்கும். வண்டிக்குத் தெம்பு வந்துச்சுன்னு உங்க காதுதான் சொல்லுது, வண்டி சொல்லல.’ இப்படி ஒரு பிரசங்கம். கேக்க நல்லாத்தான் இருக்கும். இதை எழுத வேணாம். எதிரி பேச்சை நாம ஏன் எழுதணும்? அவன் வேணும்னா வந்து தனியா எழுதிக்கட்டும்.

தூசியா இருந்தா என்னா? கழுவினாப் போச்சு! அந்த பில்டரை நான் பாத்துக்கிட்ட மாதிரி எவனும் பாத்திருக்க மாட்டான் சார். ஆம்பளைக்கு எண்ணெய்க் குளி என்னிக்கி? சனிக்கிழமை. நான் தலைக்கு எண்ணெய் வைக்கிற அன்னிக்கே அதுக்கும் வச்சிடுவேன். வாரா வாரம் தவறினதில்ல. பில்டரோட ஒரு சின்ன குப்பி செவப்பு எண்ணெய் குடுத்திருந்தான், அது ரெண்டு மாசத்துல தீந்து போச்சு. அதுக்காக திருச்சிக்கு ஓடுவாங்களா? வீட்டுல செக்குல ஆட்டின நல்லெண்ணெய் இருக்கு. சூட்டைத் தணிக்க அதைவிட ஒசத்தி எது? இன்ஜின் சூடு உங்களுக்குத் தெரியாது, கையை வச்சா தோல் உரிஞ்சிடும்.

அப்பறம் எண்ணெய் போகக் கழுவணும் இல்லியா? அட்டையில சோப்பு போடாதேன்னு எழுதியிருந்துச்சு. துணி நைஞ்சு போகுமாம். சரின்னு சீயக்காய் போட்டேன். சீயக்காய் மிதம். முடிக்கே ஒண்ணும் பண்ணாதது துணியை என்ன பண்ணிடப் போவுது? தேய்ச்சு, அலசி, மாடியில வெயில்ல வச்சு, சாயங்காலம் மறுபடி ஒரு கை எண்ணெய் தடவி மாட்டிடுவேன். ரப்பர் கொஞ்சம் ஊதிக்கிச்சு, டப்பாவுல சரியா உக்காரல, ஒரு ஓரமா விரல் நுழையிற அளவுக்கு இடைவெளி. அதுக்கும் ஒரு பழைய பனியன் துணியை வச்சு அடைச்சேன். சும்மா விடல நான்.

இங்க ஒரு விஷயம் கண்டிப்பா எழுதணும், பெரிய எழுத்தா எழுதுங்க. பில்டருக்கு நான் சாம்பிராணி போட்டேன்னு ஊர்ல பேசிக்கிறாங்க. அது பொய். சீயக்காய் உண்மை, நல்லெண்ணெய் உண்மை. சாம்பிராணி நான் போடல. அது இளவழகன் பட்டறையில இருந்து கிளம்பின கதை. மனுஷனை அசிங்கப்படுத்துறதுக்கு ஒரு அளவு வேணாம்? இப்ப ஸ்டாண்டுல என் பேரு கொளஞ்சி இல்ல சார். என் வண்டிப் பின் கண்ணாடித் தூசியில எவனோ விரலால எழுதி வச்சிருக்கான், ‘சீயக்காய் டிராவல்ஸ்’னு. கூப்பிடுறதே அப்படித்தான். ‘சீயக்காய், டீ குடிக்க வா.’ இருபத்திரெண்டு வருஷம் அந்த ஸ்டாண்டுல வண்டி ஓட்டியிருக்கேன்.

வண்டியா? வண்டி இப்ப இளவழகன் பட்டறையில நிக்குது. இல்லல்ல, ரிப்பேர் எல்லாம் முடிஞ்சு போச்சு. இன்ஜினை இறக்கி, ரிங்கு பிஸ்டன் எல்லாம் மாத்தி, சென்சாரைத் தொடைச்சு, நாப்பது நாளா தயாரா நிக்குது. சாவியைக் குடுத்தனுப்பினான். நான் திருப்பி அனுப்பிட்டேன். ஏன்னா உள்ள காயித பில்டரைப் போட்டு வச்சிருக்கான்! என்னைக் கேக்காம! என் பில்டரை ஒரு பாலிதீன் பையில சுத்தி டிக்கியில வச்சிருக்கானாம். அதை மாட்டினாத்தான் வண்டியை எடுப்பேன்னு சொல்லிட்டேன். அதான் இன்னிக்கி பஸ்ஸுல வந்தேன். வண்டி நின்னதுலேர்ந்து ரெண்டு மாசமா பஸ்ஸுலதான் போறேன், வர்றேன். ஒண்ணும் குறைஞ்சு போகல.

வண்டி எப்படி நின்னுச்சுன்னா... அதைச் சொல்லணுமா? அதை எழுத வேணாம். சும்மா உங்களுக்கு மட்டும் சொல்றேன்.

சுகந்தி கவர்ன்மெண்டு ஆஸ்பத்திரியில நர்சு. அதுக்குக் கட்டாய மாத்தல் வந்துச்சு, இடம் எடுக்கிற கலந்தாய்வு சென்னையில. அரியலூர்லயே ஒரு இடம் காலி இருந்துச்சு. இதுக்கு வரிசை நம்பர் பதினாலு. முன்னால இருக்கிற பதிமூணு பேர்ல அரியலூர்க்காரங்க யாருமில்ல, அதனால அந்த இடம் இதுக்குத்தான்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. நம்பர் கூப்பிடுறப்ப அங்க ஆள் இருக்கணும், அவ்வளவுதான். இளவழகன் ரயிலுக்கு டிக்கெட் போட்டு வச்சிருந்தான். நான்தான் சொன்னேன், ‘வீட்டுல வண்டியை வச்சுக்கிட்டு ரயில்ல போவாங்களா? ரேஸ் பில்டர் போட்ட வண்டி. விடியக்காலம் நாலு மணிக்கு எடுத்தா ஒம்பதரைக்கு ஆபீஸ் வாசல்ல எறக்கி விடுறேன்.’ ‘ரயில்லயே போகட்டும் மச்சான்’னான். ‘என் தங்கச்சியைக் கொண்டு போய் விட எனக்குத் தெரியாதா? கேன்சல் பண்ணுடா’ன்னேன். பண்ணிட்டான். மச்சான் பேச்சைத் தட்ட மாட்டான், அந்த ஒரு குணம் உண்டு அவன்கிட்ட.

உளுந்தூர்ப்பேட்டை வரைக்கும் பறந்துச்சு சார். அப்பறம் என்னமோ எள்ளுருண்டை பிடிக்கிற வாசனை. சுகந்தி கேக்குது, ‘என்னண்ணே, எங்கியோ தோசை சுடுறாங்களா?’ விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டினதும் போர்டுல மஞ்ச லைட்டு எரிஞ்சுது. மிதிச்சா வேகம் ஏறல. நாப்பது, முப்பது, இருபதுன்னு இறங்கிப் பின்னால கருகருன்னு புகை. ஓரங்கட்டினேன். ஏழு மணிகூட ஆகல.

பதறல சார், நான் பதறுற ஆள் இல்ல. பானட்டைத் தூக்கி பில்டரைக் கழட்டினேன். காஞ்ச மாதிரி தெரிஞ்சுது. டிக்கியில நல்லெண்ணெய் பாட்டில் வச்சிருந்தேன், இன்னும் ரெண்டு கை தடவி மாட்டினேன். ஸ்டார்ட் ஆச்சு, நின்னுச்சு. மறுபடி ஆச்சு, மறுபடி நின்னுச்சு. சென்னை பஸ்ஸு ஒண்ணு வந்துச்சு. சுகந்தி கை காட்டப் போச்சு. ‘இரு, இப்பக் கிளம்பிடும்’னேன். ரெண்டாவது பஸ்ஸு வந்துச்சு. ‘அண்ணே, நான் பஸ்ஸுல போயிடறேண்ணே’ன்னுச்சு. ‘அண்ணன் மேல நம்பிக்கை இல்லியா?’ன்னேன். மூணாவது வந்தப்ப அது கேக்கவே இல்ல. ரோட்டைப் பாத்துக்கிட்டு நின்னுச்சு. எட்டேகாலுக்குத்தான், எவனோ ஒரு லாரிக்காரன் இறங்கி வந்து பாத்துட்டு இது ஆகாதுங்கன்னு சொன்னப்பறம்தான், நாலாவது பஸ்ஸுல ஏத்தி விட்டேன்.

அது போய்ச் சேந்தப்ப மணி பன்னெண்டு. பதினாலாம் நம்பரைப் பத்தரைக்கே கூப்பிட்டு முடிச்சுட்டாங்க. அரியலூர் இடத்தைப் பின்னால இருந்த யாரோ எடுத்துட்டாங்க. மிச்சம் இருந்ததுல கிடைச்சது கூடலூர். நீலகிரியில, மலைக்கு மேல. போகவே ஒரு பகல் பூரா வேணும். மாசத்துக்கு ஒருவாட்டி வந்துட்டுப் போவுது. பொண்ணு இனியாவுக்கு ஆறு வயசு, பள்ளிக்கூடத்தை மாத்த முடியாதுன்னு அப்பன்கிட்டயே இருக்கு. காலையில அந்தப் புள்ளையைப் பாக்கணும் நீங்க. ஒரு ஜடை மேல நிக்குது, ஒரு ஜடை காதுக்குக் கீழ தொங்குது. ரிப்பன்ல கிரீஸ் கறை. ஒரு புள்ளைக்கு ஜடை பின்னத் தெரியாதவன் எனக்கு சென்சார் பத்திப் பாடம் எடுக்கிறான், பாருங்க.

அதெல்லாம் வேற விஷயம். கலந்தாய்வு வேற, பில்டர் வேற. லைட்டு எரியறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். இந்தப் பிராது பில்டரைப் பத்தி மட்டும்தான். எங்க விட்டோம்?

ஆங், பட்டறை. வண்டியைக் கட்டி இழுத்துட்டு வந்தது இளவழகன்தான், விக்கிரவாண்டியில இருந்து. அப்பறம் பத்து நாள் வண்டியைத் தொடவே இல்ல. பெட்டி படுக்கை எல்லாம் கட்டி சுகந்தியைக் கூடலூருக்குக் கொண்டு போய் விட்டுட்டு வந்தான். வந்த மறுநாள் காலையில என்னைக் கூப்பிட்டு விட்டான். போனேன். அங்க நாலஞ்சு பேர் நின்னாங்க. எல்லாரும் பாக்க டப்பாவைத் திறந்தான். சீயக்காய் ஒரு மூலையில களி மாதிரி அப்பியிருந்துச்சு, பனியன் துணி பாதி உள்ள போயிருந்துச்சு. பில்டரை எடுத்து மோந்து பாத்தான். ‘நல்லெண்ணெயா மச்சான்?’னான். ‘செக்கு எண்ணெய்டா, கடை எண்ணெய் இல்ல’ன்னேன்.

அவ்வளவுதான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தான். தோள்ல கிடந்த துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கிட்டான். சிரிப்பு சார், அப்படி ஒரு சிரிப்பு! தோளெல்லாம் குலுங்குது. அவனைப் பாத்து மத்தவங்களும் சிரிச்சாங்க. ரொம்ப நேரம் கழிச்சுத் துண்டை எடுத்தான், கண்ணெல்லாம் செவந்து கிடக்கு. எழுந்து நின்னு அத்தனை பேர் முன்னாலயும் சொன்னான், ‘மச்சான், இந்த பில்டர் இருக்கிற வரைக்கும் இந்த வண்டியில என் பொண்ணு ஏறாது.’ தினமும் நான்தான் சார் இனியாவைப் பள்ளிக்கூடத்துல விடுவேன். முன் சீட்டுல உக்காந்துக்கிட்டு அது ஹாரன் அடிக்கும். அந்த வார்த்தையை அவன் எப்படிச் சொல்லலாம்? தாய்மாமனைப் பாத்து?

இதான் பிராது. எழுதுங்க. ‘மேற்படி எதிரி என் பில்டரைப் பாத்து ஊர் பாக்கக் கேலியாச் சிரிச்சான். என் வண்டியில அவன் பொண்ணை ஏத்த மாட்டேன்னு சொல்லி அவமானப்படுத்தினான். அஞ்சு பேருக்கு நடுவுல வந்து, இன்ஜின் கெட்டதுக்கு பில்டர் காரணமில்லன்னு அவன் சொல்லணும்.’

என்னது? சத்தம் வந்துச்சாவா? என்னா கேள்வி சார் இது? சிரிச்சா சத்தம் வராதா?

அது... மத்தவங்க சிரிச்ச சத்தம் கேட்டுச்சு. அவன் முகத்துல துண்டு கிடந்துச்சு. தோள் குலுங்குச்சு, அதை நான் பாத்தேன். சத்தம்...

சத்தம் வரல சார்.

இருங்க. கொஞ்சம் இருங்க. அவன் சிரிச்சான்னுதான் நான் ரெண்டு மாசமா எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கேன். சுகந்திகிட்டயும் அதைத்தான் சொன்னேன். முந்தின நாள்தான் பொண்டாட்டியை மலையில விட்டுட்டு வந்திருக்கான். அன்னிக்குக் காலையிலதான் முதல் தடவையா புள்ளைக்கு ஜடை பின்னியிருக்கான். பத்து மணிக்கு இந்த டப்பாவைத் திறந்து நல்லெண்ணெயை மோந்து பாத்திருக்கான்.

அந்த வரியை அடிங்க சார். சிரிச்சான்ங்கிறதை அடிங்க. அழுத்தி அடிங்க, சாமிக்குத் தெரியக் கூடாது. நான்தான் சொன்னேனே, பொய் எழுதினா நம்ம பக்கம் திரும்பிடும்னு. பொண்ணை ஏத்த மாட்டேன்னு சொன்னானே, அது உண்மை, அது இருக்கட்டும். ஆனா... பெத்தவன். நடுரோட்டுல நின்ன வண்டி. நானா இருந்தாலும் ஏத்த மாட்டேன். அதையும் அடிங்க. பில்டர் காரணமில்லன்னு சொல்லணும்ங்கிறதுக்கு என்ன ஆதாரம்னு கேட்டா என்ன சொல்றது? அடிங்க. இப்ப என்ன மிச்சம் இருக்கு? படிங்க.

என் பேரு, அவன் பேரு, ஆபீசர் சொன்னது, சாம்பிராணி. அவ்வளவுதானா? சாம்பிராணிக்காகவா சார் நான் வேல்ல கட்ட வந்தேன்?

ஒரு விஷயம் சொல்லட்டுமா? இந்த ரெண்டு மாசத்துல ரெண்டு பேரும் ஒரு வார்த்தை என்னைத் திட்டல. ‘உன்னாலதான் போச்சு’ன்னு ஒரு வார்த்தை வரல சார் அவங்க வாயில இருந்து. பஸ்ஸு ஏறுறப்பகூட சுகந்தி, ‘பில்டர் சூடா இருக்கும், கையைச் சுட்டுக்காதண்ணே’ன்னுதான் சொல்லிட்டுப் போச்சு. கூடலூருக்குப் போறப்பவும் அப்படித்தான், ‘உடம்பைப் பாத்துக்கண்ணே’. சட்டையைப் பிடிச்சு உலுக்கியிருந்தா நானும் நாலு வார்த்தை பேசி, சண்டை போட்டு, ஆறியிருப்பேன். இப்படி வாயை மூடிக்கிட்டு இருந்தா ஒரு மனுஷன் யார்கிட்ட போய்ச் சண்டை போடுறது?

அந்தக் காயிதத்தைக் குடுங்க, கிழிச்சிடறேன். இந்தாங்க, வேற. முதல்லேர்ந்து எழுதுங்க. ‘கொளஞ்சியப்பர் சன்னிதானத்துக்கு. என் தங்கச்சி சுகந்தி, நர்சு, கூடலூர்ல இருக்கு. அதுக்கு அடுத்த கலந்தாய்வுல அரியலூருக்கே மாத்தல் கிடைக்கணும்.’ எதிரி வேணாம். எதிரி பேரு இல்லாமலும் பிராது கட்டுவாங்க. காரணம் எழுதணுமேன்னு பாக்குறீங்களா? எழுதுங்க. ‘ரயில் டிக்கெட்டைக் கேன்சல் பண்ண வச்சது நான். மூணு பஸ்ஸை விட்டது நான்.’ எழுதிட்டீங்களா? படிக்காதீங்க, வேணாம். மடிச்சுடுங்க. சாமிகிட்ட சொல்லிட்டேன், அது போதும். அதுக்காக இளவழகன்கிட்ட போய் இதைச் சொல்லுவேன்னு நினைக்காதீங்க. செத்தாலும் சொல்ல மாட்டேன்.

பில்டரா? பில்டர் நல்ல பில்டர்தான் சார். அதுல எனக்கு இப்பவும் சந்தேகமில்ல. யார் வந்து கேட்டாலும் சொல்லுவேன். ஆனா வண்டியை எடுத்துக்கப் போறேன். இன்னிக்கே சாவியை வாங்கிக்கிறேன். வெள்ளிக்கிழமை சுகந்தி ஊருக்கு வருது, ஞாயித்துக்கிழமை கூடலூருக்குக் கொண்டு போய் விடணும். அந்தக் காயித பில்டரைப் போட்டுக்கிட்டே போறேன், அவன் ஆசைக்கு. மலை ஏறுறப்ப அது திணறத்தான் போவுது, நீங்க வேணும்னா பாருங்க. அப்படித் திணறி நின்னுச்சுன்னா நான் பானட்டைக்கூடத் தூக்க மாட்டேன் சார். முதல்ல வர்ற பஸ்ஸுல தங்கச்சியை ஏத்தி விட்டுடுவேன்.